கால்கட்டு போட்டா சரியாயிடுமா?

ஒருத்தன் ராத்திரி தூங்க மாட்டேங்கிறான், சின்ன சத்தத்துக்கெல்லாம் துள்ளி விழுறான், யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான்னு வெச்சுக்குங்க. நம்ம ஊர்ப் பெரியவங்க கையில ரெண்டே வைத்தியம்தான் இருக்கு. ஒண்ணு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிச்சு தாயத்து கட்டுறது. ரெண்டாவது, "ஒரு கால்கட்டு போட்டு விட்டுட்டா எல்லாம் தானா சரியாயிடும்". முதல் வைத்தியத்துல யாருக்கும் பெரிய நஷ்டமில்ல. ரெண்டாவதுல இன்னொரு மனுஷி மருந்தாகிறா. அவகிட்ட யாரும் கேக்கறதில்ல. இந்தப் பதிவு அந்த மருந்தைப் பத்தி.

ட்ராமா என்ற சொல்லுக்குத் தமிழ்ல என்ன போடறதுன்னு கொஞ்ச நேரம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். "அதிர்ச்சி" பத்தாது, கரண்ட் ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு. "மனக்காயம்" பரவாயில்லை, ஆனா காயம் ஆறிடும்ல? ஈழத்து மனநல மருத்துவர்கள் எழுதும்போது "மனவடு" என்கிறார்கள். காயம் ஆறின பிறகும் நிக்கிறது வடு. இதுதான் சரியான சொல்லுன்னு படுது. இதையே வெச்சுக்கறேன்.

இதுல உலகத்துலயே அதிகமா ஆராயப்பட்ட கூட்டம் எதுன்னா, வியட்நாம் போய்த் திரும்பின அமெரிக்கச் சிப்பாய்கள். அதுக்கு முன்னாடியும் இந்த நோய் இல்லாமலா இருந்தது? அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களுக்கு வந்ததை "எரிச்சல்பட்ட இதயம்"னு 1871-ல டாக்டர் டா கோஸ்டா எழுதினார். முதல் உலகப்போரில் அதுக்குப் பேர் "ஷெல் ஷாக்". 1915-ல சார்லஸ் மையர்ஸ் லான்செட் இதழில் அந்தப் பேரோட கட்டுரை எழுதினார். அதே போரில் கோழைத்தனம், ஓட்டம் என்று குற்றம் சாட்டி பிரிட்டிஷ் ராணுவம் 300-க்கும் மேற்பட்ட தன் சிப்பாய்களையே சுட்டுக் கொன்றது. அதில் மனசு உடைஞ்சவங்க எத்தனை பேரோ! மன்னிப்பு வந்தது 2006-ல. தொண்ணூறு வருஷம் கழிச்சு!

வியட்நாமுக்குப் பிறகுதான் ஒரு நிலையான பெயர் வந்தது. 1970 வாக்கில் நியூயார்க்கில் போர் எதிர்ப்புச் சிப்பாய்கள் கூடி உக்காந்து பேசிப் பேசியே ஆத்திக்கிட்டாங்க. ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாடன் என்ற ரெண்டு மனநல மருத்துவர்களும் அவங்களோட உக்காந்தாங்க. இன்னொரு பக்கம், பாஸ்டனில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைச் சந்தித்த ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் ரெண்டு பேரும் 1974-ல எழுதினதும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகளைத்தான். எல்லாம் சேர்ந்து 1980-ல அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பிடிஎஸ்டி என்ற பெயர் ஏறியது. கவனிங்க, சைகோன் விழுந்தது 1975. பேர் வைக்கவே அஞ்சு வருஷம் ஆயிருக்கு. அதுவரைக்கும் அந்த வீட்டுப் பெண்கள் அவரை என்னன்னு நினைச்சிருப்பாங்க? குடிகாரன், கோவக்காரன், பொண்டாட்டி மேல ஆசையத்தவன். அவ்வளவுதானே?

பிறகு அமெரிக்க காங்கிரஸ் கேட்டுக்கிட்டு நடந்த பெரிய கணக்கெடுப்பு 1990-ல வந்தது. வியட்நாம் போன ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அப்பவும் பிடிஎஸ்டி இருந்ததாகவும், 30 சதவீதத்துக்கும் மேலானவங்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்திருந்ததாகவும் சொன்னாங்க. 2006-ல அதே தரவுகளைக் கறாரா மறுபடி அலசினப்போ 9, 19 சதவீதத்துக்குக் கிட்ட வந்து நின்னுது. இந்த எண்ணுக்காக அவங்க போட்ட சண்டையைத் தனிப் பதிவாவே எழுதலாம், இப்ப வேண்டாம். எனக்கு முக்கியம் அதே கணக்கெடுப்பின் இன்னொரு பகுதி. 1992-ல வெளிவந்தது. சிப்பாய்களோட 376 பேருடைய மனைவி அல்லது துணைவியிடமும் தனியா உக்காந்து பேசியிருக்காங்க. பிடிஎஸ்டி இருக்கும் வீடுகளில் மண வாழ்க்கைச் சிக்கல், பிள்ளை வளர்ப்புச் சிக்கல், அடிதடி எல்லாமே கூடுதல். மனைவிகளுடைய மனநிலையும் மோசம். போர் முடிஞ்சு பத்து வருஷத்துக்கும் மேல ஆன பிறகு, போர்க்களத்தைக் கண்ணால பாக்காத பெண்கள் இவங்க.

(அடைப்புக்குறிக்குள் ஒண்ணு. வியட்நாமியர்கள் செத்தது பத்து லட்சத்துக்கும் மேல. உயிர் பிழைச்ச வியட்நாமிய ஆண்கள் வீட்டுக்கு வந்து எப்படித் தூங்கினாங்க, அவங்க மனைவிகள் என்ன பண்ணினாங்கன்னு இந்த அளவுக்கு யாரும் கணக்கெடுக்கவில்லை. யார் ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கறாங்களோ அவங்க வலிதான் அச்சுக்கு வரும்.)

இந்த வடு என்ன பண்ணுது? கெட்ட கனவு, பழசு திடீர்னு கண்ணு முன்னால ஓடுறது, இதெல்லாம் சினிமா பாத்தே நமக்குத் தெரியும். சினிமாவில் வராதது ரெண்டு விஷயம். ஒண்ணு, எப்பவும் காவல்ல இருக்கிறது. ஹோட்டலுக்குப் போனா சுவருக்கு முதுகைக் கொடுத்து வாசலைப் பாத்துத்தான் உக்காருவார். கூட்டத்துக்கு வர மாட்டார். பிள்ளை பலூனை உடைச்சா கத்துவார். உடம்பு இன்னும் காட்டுக்குள்ளதான் இருக்கு. அங்க இந்தக் குணம்தான் அவரை உயிரோட வெச்சிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அணைச்சுடறதுக்கு ஸ்விட்ச் இல்ல.

ரெண்டாவது, மரத்துப் போறது. என் கணக்கில் குடும்பத்தை உடைக்கிறது இதுதான். பயத்தையும் துக்கத்தையும் மட்டும் தனியா பிரிச்சு மரக்க வைக்க மனசுக்குத் தெரியாது. பல் டாக்டர் போடற ஊசி மாதிரி, வலிக்கிற பல்லோட நாக்கும் உதடும் சேர்ந்துதான் மரத்துப் போகும். பாசம், சிரிப்பு, ஆசை எல்லாம் அதோட போயிடுது. 1998-ல ரிக்ஸ் குழுவினர் வியட்நாம் சிப்பாய்கள், துணைவியர் என்று ஐம்பது ஜோடிகளை ஆராய்ந்தார்கள். பிடிஎஸ்டி உள்ள ஜோடிகளில் 70 சதவீதத்துக்கும் மேல கடுமையான இல்லறச் சிக்கல். இல்லாத ஜோடிகளில் அது 30 சதவீதம். எல்லா அறிகுறிகளையும் பிரிச்சுப் பார்த்தபோது உறவைக் கெடுப்பதில் முன்னால நின்னது அந்த மரத்துப்போனதுதான். கோபக்காரப் புருஷன்கூட சண்டையாவது போடலாம். பதிலே இல்லாத சுவரோட என்னத்த சண்டை போடறது?

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், வியட்நாமில் காணாமல் போன விமானிகளின் மனைவிகளைப் பார்த்து ஒரு கருத்தைச் சொன்னார். உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரியாத இழப்பு, முடிவே இல்லாத இழப்பு. அழுது தீர்க்கவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. பிறகு அதையே புரட்டியும் பார்த்தார். ஆள் இருக்கார், ஆனா மனசால இல்லை. அதுவும் அதே இழப்புதான். உடம்பு சோபாவில உக்காந்திருக்கும்போது எந்த மனைவி போய், "என் புருஷன் காணாம போயிட்டார்"னு ஊர்ல சொல்ல முடியும்?

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுச் சொந்தக்காரர் வியட்நாம் போனவர். எழுபத்தி சொச்சம் வயசு. தங்கமான மனுஷன், பனி கொட்டினா என் காரையும் சேர்த்து வழிச்சு விடுவார். போன ஜூலை நாலாம் தேதி தெருவில எல்லாரும் வேடிக்கை பாக்க நிக்கும்போது, அந்தம்மா மட்டும் சாயங்காலமே ஜன்னலெல்லாம் சாத்தி, அடித்தளத்தில டிவியைச் சத்தமா வெச்சுட்டு, அவரைக் கீழ கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் சும்மா கேட்டேன். சிரிச்சிட்டே ஒரு பட்டியல் சொன்னாங்க. வீட்டுக்குள்ள நுழையும்போது சாவிக் கொத்தை ஆட்டிட்டு வரணும். அவர் அடுப்படியில நிக்கும்போது பின்னாடியிருந்து போகக் கூடாது, செருமிட்டுப் போகணும். தூக்கத்தில கத்தினா தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது, கட்டில் கால்மாட்டில நின்னு கால் விரலைத் தொடணும். பேரன் பிறந்தநாளுக்குப் பலூன் கிடையாது. நாப்பது வருஷத்துக்கு மேல இப்படியாம். இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டதுக்கு, "முதல் வருஷம் மூக்குல ஒரு அடி வாங்கிக் கத்துக்கிட்டேன்"னு சொல்லிட்டு, குக்கீஸ் தட்டை என் பக்கம் தள்ளினாங்க. தூக்கத்துல விழுந்த அடிதான். ஆனாலும் மூக்கு அவங்களுதுதானே?

இதைக் கேட்டா நம்மாளுங்க உடனே "என்ன ஒரு பதிவிரதை"ன்னு கன்னத்தில போட்டுக்குவாங்க. எனக்கு அதில்தான் பிரச்சினை. முதல்ல, இந்தத் தியாகம் மருந்தாகக்கூட வேலை செய்யறதில்ல. ஆராய்ச்சியாளர்கள் இதை "அனுசரிப்பு" என்கிறார்கள். பயப்படற இடத்துக்கெல்லாம் போகாம இருந்தா பயம் குறையாது, கெட்டியாகும். இந்த நோயின் அடிப்படையே அதுதான். மனைவி அன்பினால் கூட்டத்தைத் தவிர்க்கிறா, விருந்தாளியைத் தவிர்க்கிறா, பிள்ளைகளை "உஷ், அப்பா"ன்னு அடக்கறா. அன்னிக்கு ராத்திரி நிம்மதி. ஆனா அவருடைய உலகம் ஒரு அறைக்குச் சுருங்கிடுது, அவளோடதும் சேர்ந்து. அவ தப்பு பண்றான்னு சொல்லல. யாருமே வேற வழி சொல்லித் தராதப்போ அவ வேற என்னதான் பண்ணுவா?

ரெண்டாவது, வேற வழி உண்மையிலேயே இருக்கு. கேண்டிஸ் மான்சன் என்ற உளவியலாளர் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உக்கார வெச்சுச் செய்யும் பதினஞ்சு அமர்வு சிகிச்சை ஒண்ணை உருவாக்கினார். 2012-ல நாப்பது ஜோடிகளிடம் செஞ்சு பார்த்த முடிவு ஜாமா இதழில் வந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஜோடிகளைவிட இவங்களுக்கு அறிகுறிகளும் குறைஞ்சுது, நோயாளிகளுக்கு உறவில் திருப்தியும் கூடியது. அதில் ஒரு முக்கியமான வேலை, ரெண்டு பேரும் சேர்ந்து இதுவரைக்கும் தவிர்த்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போறது. மனைவி அங்க மருந்து இல்ல, தாதியும் இல்ல. சிகிச்சைக்கு வந்த ரெண்டு பேரில் ஒருத்தர்.

இப்ப இன்னொரு பக்கமும் ஒரு கூத்து நடக்குது. மனைவிக்கும் ஒரு நோய்ப் பேர் கொடுத்துடறது: "இரண்டாம் நிலை மனவடு". அவர் வடு இவளுக்குத் தொத்திக்கிச்சாம், ஜலதோஷம் மாதிரி. சில பேருக்கு அப்படியும் நடக்குது, அவர் கண்ட கனவை இவளும் காணுறா. ஆனா 2011-ல ரென்ஷா குழுவினர் சிப்பாய்களின் மனைவிகளிடம் விசாரித்தபோது, பெரும்பாலானவர்கள் தங்களுடைய அறிகுறிகளுக்குக் காரணமாகச் சொன்னது கணவரின் போர் அனுபவத்தை மட்டும் இல்லை. பின்ன? தூக்கமில்லை, காசில்லை, பேச்சுத்துணை இல்லை, அவருக்கு வேலை நிலைக்கலை, பிள்ளைங்க பாரம் முழுக்க இவ தலையில. இதுக்கு எதுக்குங்க நோய்ப் பேரு? ரெண்டாள் வேலையைச் சம்பளமில்லாம ஒத்தை ஆளா பாத்தா எல்லாருக்கும் வர்ற அலுப்புதான். அதை நோய்னு சொல்லிட்டா மாத்திரை கொடுத்து அனுப்பிடலாம், மத்தபடி யாரும் எதையும் மாத்த வேண்டாம்.

அமெரிக்க அரசாங்கத்துக்கே இது உறைக்க எவ்வளவு நாளாச்சு பாருங்க. வீட்டில் பார்த்துக்கொள்கிற துணைக்கு மாசாமாசம் உதவித்தொகை, பயிற்சி, மருத்துவக் காப்பீடு கொடுக்கும் சட்டம் 2010-ல வந்தது. அதுவும் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு காயம்பட்டவங்க குடும்பத்துக்கு மட்டும். வியட்நாம் காலத்து ஆட்களுக்கு 2018-ல சட்டம் திருத்தி, 2020 அக்டோபரில் கதவு திறந்துச்சு. 1975-ல இருந்து கணக்குப் போட்டுக்குங்க. அதுவரைக்கும் அந்தம்மாக்கள் சாவிக் கொத்தை ஆட்டிக்கிட்டே வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டு இருந்திருக்காங்க.

இலக்கியக்காரங்க கொஞ்சம் சீக்கிரமே பாத்துட்டாங்க. வர்ஜீனியா உல்ஃபின் "மிஸஸ் டாலோவே" வந்தது 1925. அதில் போரிலிருந்து வந்த செப்டிமஸைவிட என்னைப் படுத்தினது அவன் மனைவி ரெஸியாதான். இத்தாலியிலிருந்து வந்த, தொப்பி செய்யும் பொண்ணு. டாக்டரோ அவனுக்கு ஒண்ணுமே இல்லைங்கிறார், வெளி விஷயங்களில் அவன் கவனத்தைத் திருப்பச் சொல்றார். திருப்புற வேலை யாருக்கு? ரெஸியாவுக்கு. தெரியாத ஊர், தெரிஞ்ச ஒரே மனுஷன் பக்கத்திலேயே இருந்தும் இல்லை. நாம பள்ளிக்கூடத்தில படிச்ச புறநானூற்றிலோ மார்பில் புண்பட்டுச் செத்த மகனைப் பாத்துப் பூரிச்சுப் போகும் தாயைத்தான் மனப்பாடப் பகுதியில வெச்சாங்க. உயிரோட திரும்பி வந்து நடுராத்திரியில அலறுறவனோட பொண்டாட்டியைப் பத்தி ஒரு வாத்தியாரும் பாடம் எடுக்கலை.

பாதிக்கப்பட்டது மனைவியா இருந்தா? கதை இன்னும் சிக்கல். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் கணவன், நல்லவனாவே இருக்கட்டும், பெரும்பாலும் ரெண்டில் ஒண்ணைச் செய்வான். "அவன் யார்னு சொல்லு, வெட்டறேன்"னு குதிப்பான், உடனே அவ தன் வலியை விட்டுட்டு இவனைச் சமாதானப்படுத்த ஓடணும். இல்லேன்னா, "அதை மறந்துடு, நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலை"ம்பான். பெரிய மனசுதான், மறுக்கலை. ஆனா அவன் மனசுல வெச்சுக்கற விஷயமா அது? தொட்டா அவ உடம்பு விறைச்சுக்குது, அது இவனை வெறுத்து இல்லைன்னு இவனுக்கு யாராவது சொல்லணும். நம்ம ஊர்ல ஆம்பளைக்கு அதைச் சொல்ல ஆளே கிடையாது. நண்பர்கள்கிட்ட சொன்னா ஒரு குவார்ட்டரை ஊத்திக் கொடுப்பாங்க.

சரி, இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன்னா, வியட்நாம் நமக்கு தூரம். ஈழம் தூரம் இல்லை. 1983-ல இருந்து 2009 மே வரைக்கும் நடந்த போரில் பிழைத்தவர்கள் டொராண்டோவிலும் லண்டனிலும் பாரீஸிலும் நம்ம பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-லேயே "ஸ்கார்ட் மைண்ட்ஸ்" என்று புத்தகமாகவே எழுதினார். பின்னால அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, தனி ஆளின் நோயாக மட்டும் இதைப் பார்க்காதீர்கள், குடும்பமும் ஊருமே காயப்பட்டிருக்கிறது என்று. வெள்ளைக்காரன் கையேடு ஒரு ஆளைப் பாக்குது, நம்ம வாழ்க்கை குடும்பமா ஓடுது. எனக்கும் அது சரின்னுதான் தோணுது. ஆனா "குடும்பம்"னு சொல்லும்போது அதுக்குள்ள யார் தலையில சுமை விழுதுன்னும் பாக்கணும்.

ஒரு நண்பனுடைய அக்கா, ஸ்பான்சரில் கல்யாணமாகி டொராண்டோ வந்தவர். மாப்பிள்ளை இளவயசில் தடுப்பில் இருந்து சித்திரவதைப்பட்டு, எப்படியோ ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளியே வந்தவர். ரெண்டு வேலை பார்த்துத் தங்கைகளைக் கரையேத்தின ஆள். குணத்தில் குறையே சொல்ல முடியாது. ராத்திரி மட்டும் விளக்கை அணைக்க விட மாட்டார், ஹாலில்தான் தூங்குவார். இவருக்குப் பிடிக்காத கல்யாணம் போலன்னு அக்கா ஆறு மாசம் தனக்குள்ளேயே அழுதிருக்கிறார். மாமியாரோ ஊரிலிருந்து போனில், "ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும்" என்றாராம். கால்கட்டின் இரண்டாம் பாகம்! விஷயம் தெரிந்தது அவர் முதுகுத் தழும்புகளைத் தற்செயலாகப் பார்த்த பிறகுதான்.

2008-ல ஈராக்கிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் மனைவிகளிடம் இதே ரென்ஷா குழு ஒரு விஷயம் கவனிச்சாங்க. கணவர் போரில் பெரிசா ஒண்ணும் அனுபவிக்கலைன்னு மனைவி நினைக்கிற வீட்டில்தான், அவருடைய அறிகுறிகள் இல்லறத்தைக் கெடுக்குது. அவர் நிறைய பட்டுட்டு வந்திருக்கார்னு தெரிஞ்ச வீட்டில் அதே அறிகுறிகள் அந்த அளவுக்குக் கெடுக்கலை. காரணம் தெரிஞ்சா பாரம் குறையுது. அதுக்காக நடந்ததை எல்லாம் அவர் ஒப்பிக்கணும்னு இல்ல, அது அவருடைய உரிமை. "எனக்கு இப்படி ஒண்ணு நடந்தது, அதனால்தான் இது, உன்னால் இல்லை." மூணு வரி போதும். கல்யாணத்துக்கு முன்னாடி.

அந்த அக்கா சொன்னதை அப்படியே போடறேன்: "என்ர பல்லு வரிசையில இருந்து சாதகம் வரைக்கும் எல்லாம் விசாரிச்சவை. இதை மட்டும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

டிஸ்கி 1: நான் மனநல மருத்துவம் படிக்கிறவன் இல்லை. இங்கே சொன்னதை வெச்சு யாருக்கும் வைத்தியம் பார்த்துடாதீங்க சாமி.

டிஸ்கி 2: "அவர் பட்ட கஷ்டத்தால்தான் கை நீட்டறார்"னு யாராவது சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். மனவடு உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. தூக்கத்தில் பதறி விழும் கை வேற, முழிச்சிருக்கும்போது ஓங்கும் கை வேற. ரெண்டாவது நடக்கிற வீட்டில் முதல் வேலை, அவளும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போறது. அவருக்கான சிகிச்சை அதுக்கப்புறம்.